தலை எங்கே இருக்கிறது? – ஒரு ஹெட்செட் மெனுவின் வரலாறு

போன வருஷக் கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு விஆர் ஹெட்செட் வாங்கினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுவதற்காக மட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு எல்லோரும் தூங்கின பிறகு தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு செஸ்னா 172-ஐக் கிளப்பி, இடது பக்கம் சாய்த்து ஒரு திருப்பம் திருப்பினேன். மொத்தம் ஏழு நிமிஷம். அதற்குப் பிறகு பாத்ரூம் தரையில் உட்கார்ந்து சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி, "காசு குடுத்து வாந்தி எடுக்கிற ஆள் உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

அடுத்த ஒரு வாரம் செட்டிங்ஸ் மெனுவோடு மல்லுக்கட்டினேன். கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம், உலகத்தின் அளவு, ரெஃப்ரெஷ் ரேட், ரீபுரொஜெக்ஷன், ரெண்டர் ஸ்கேல், ரீசென்டர்… யாரோ சொன்னார்கள் என்று ஒரு எண்ணை மாற்றுவது, இன்னொருத்தர் சொன்னார் என்று திரும்ப மாற்றுவது. ஒன்றும் உருப்படவில்லை.

ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய கோடில் ஏன் இருக்கிறது என்றே புரியாத ஒரு வரி இருந்தால், அதை அழிக்கிறதுக்கு முன்னாடி, எழுதினவனுக்கு என்ன அடி விழுந்தது என்று தேடிப் பார்க்கணும். இந்த மெனுவையும் அப்படிப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தர் வாங்கின அடி இருக்கிறது. சிலது உயிரே போன அடி. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ஆர்கன் கம்பெனியில் பிறந்த விமானம்

நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் லிங்க் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தது. ஆர்கன் என்பது அடிப்படையில் காற்றை அடைத்து, வேண்டிய குழாய்க்குத் திறந்துவிடும் யந்திரம். தோல் துருத்திகள், வால்வுகள், ஒரு பம்ப். இந்த வீட்டுப் பையன் எட்வின் லிங்க்குக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்தில் பறக்கக் கற்றுக்கொள்ள ஆகிற செலவு சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அப்பாவின் துருத்திகளை எடுத்து, அவற்றின் மேல் ஒரு குட்டி மர விமானத்தை உட்கார வைத்தார். ஸ்டிக்கை இழுத்தால் துருத்தியில் காற்று ஏறும், மூக்கு தூக்கும். 1929-ல் அந்த லிங்க் டிரெய்னர் தயார்.

வாங்கியது யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்கள். விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நம்ம ஊர் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி அது நின்றுகொண்டிருந்தது.

1934-ல் நிலைமை மாறியது. அமெரிக்கத் தபாலை விமானத்தில் கொண்டுபோகும் வேலை தனியார் கம்பெனிகளிடமிருந்து பறிக்கப்பட்டு, ராணுவ விமானப் பிரிவிடம் போனது. பிப்ரவரி மாதக் குளிர், பனி, மேகம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாத இளம் விமானிகள். சில மாதங்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ராணுவ அதிகாரிகள் லிங்க்கை வரச் சொன்னார்கள். அவர் வரவேண்டிய நாளில் நியூவார்க்கில் கடும் மூடுபனி, ஆள் வரமாட்டார் என்று கிளம்பத் தயாரானார்கள். லிங்க் அந்தப் பனிக்குள்ளேயே கருவிகளை நம்பி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வேறு செயல்விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வருஷமே ராணுவம் ஆறு டிரெய்னர்களை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஏறத்தாழ 10,000 டிரெய்னர்கள் வந்துவிட்டன. லட்சக்கணக்கானவர்கள் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து பழகினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பெட்டியின் மூடி. விமானி உள்ளே உட்கார்ந்ததும் மூடியை இழுத்துச் சாத்திவிடுவார்கள். வெளியே பார்க்க ஒன்றுமே கிடையாது. ஏனென்றால் மேகத்துக்குள் மனிதனின் உடம்பு பொய் சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் "நேராகத்தான் போகிறோம்" என்று சாதிக்கும். அதை நம்பினவர்கள்தான் செத்தார்கள். லிங்க் பெட்டி கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: உன் உடம்பை நம்பாதே, டயலை நம்பு.

இன்றைக்கு நாம் தலையில் மாட்டுகிறது இதற்கு நேர் எதிர். உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கிறது, கண்ணை மட்டும் ஏமாற்றுகிறோம். பாத்ரூம் தரையில் நான் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

கூரையிலிருந்து தொங்கிய தண்டு

1960-களின் நடுவில் பெல் ஹெலிகாப்டர் கம்பெனியில் ஒரு சோதனை நடந்தது. ஹெலிகாப்டரின் அடியில் ஒரு அகச்சிவப்புக் கேமரா. விமானி தலையைத் திருப்பினால் கேமராவும் திரும்பும். அது பார்ப்பது அவர் கண் முன்னால் தெரியும். ராத்திரியில் கரடுமுரடான இடத்தில் இறங்குவதற்கான ஏற்பாடு. இதைக் கேள்விப்பட்ட ஐவன் சதர்லேண்ட் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஒரு கேள்வி கேட்டார்: கேமராவுக்குப் பதிலாக அங்கே கம்ப்யூட்டரை வைத்தால்?

ஹார்வர்டில் மாணவர்களோடு சேர்ந்து அதைச் செய்து, 1968-ல் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு குட்டிப் படக்குழாய்கள், பாதி வெள்ளி பூசிய கண்ணாடிகள். தெரிந்தது வெறும் கோடுகளால் ஆன ஒரு பெட்டி, ஒரு அறை. தலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, கூரையிலிருந்து ஒரு இரும்புத் தண்டு இறங்கி ஹெட்செட்டோடு இணைந்திருந்தது. தலைக்கு மேல் தொங்கிய அந்தத் தண்டுக்கு டாமக்ளிஸின் வாள் என்று பேர் விழுந்தது. சுமார் ஆறடி விட்டத்துக்குள்தான் நடமாட முடியும்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம் இது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுவது நல்லதுதான், ஆனால் அதைவிட முக்கியம் தலை அசையும்போது படமும் அதற்கேற்ப மாறுவது என்கிறார் சதர்லேண்ட். அதாவது முப்பரிமாணம் என்பது முதலில் அசைவு, அப்புறம்தான் ஆழம்.

இது எவ்வளவு சரி என்று 2001-ல் ஒரு சின்ன சாதனம் நிரூபித்தது. டிராக்ஐஆர். மானிட்டர் மேல் ஒரு அகச்சிவப்புக் கேமரா, தொப்பியில் ஒளி திருப்பும் பொட்டுகள், அவ்வளவுதான். தலையைக் கொஞ்சம் திருப்பினால் திரையில் காட்சி நிறையத் திரும்பும். ஒரே ஒரு தட்டைத் திரை, ஆழமே கிடையாது. ஆனாலும் வீட்டு விமானிகள் அதை விடவே மாட்டேன் என்றார்கள். நானும் ரிச்சி தெருவில் மூன்று அகச்சிவப்பு எல்இடி வாங்கி, கிரிக்கெட் தொப்பியில் பற்றவைத்து, பழைய வெப்கேம் ஒன்றோடு சேர்த்து ஒரு ஏழைப்பட்ட பதிப்பு செய்து பல வருஷம் ஓட்டினேன். ஒரு தடவைகூடத் தலை சுற்றியதில்லை.

"தலை எங்கே?" என்ற கேள்விக்கு இன்று மூன்று விதமான பதில்கள் உண்டு. மேஜைமேல் ஒரு கேமரா ஹெட்செட்டைப் பார்ப்பது ஒரு வகை, 2016-ல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் அப்படித்தான். சுவரில் வைத்த பெட்டிகள் லேசரால் அறையைத் துழாவ, ஹெட்செட் அதைப் பிடித்துக் கணக்குப் போடுவது இன்னொரு வகை, அதே வருஷம் வந்த ஹெச்டிசி வைவ். மூன்றாவது, ஹெட்செட்டிலேயே கேமராக்கள் இருந்து அறையைப் பார்த்துக்கொள்வது. இப்போது மலிவாகக் கிடைப்பதெல்லாம் மூன்றாவது ரகம். அதற்கு அறையில் வெளிச்சம் வேண்டும். வீட்டார் தூங்க வேண்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன் பாருங்கள், அது முதல் தப்பு. கேமராவுக்குச் சுவர் தெரியவில்லை, தலை எங்கே என்று அதற்கே சந்தேகம், காட்சி நழுவிக்கொண்டே இருந்தது.

வாந்தியின் வரலாறு

மனைவி சொன்னது தப்பு. காசு கொடுத்து வாந்தி எடுத்த முதல் ஆள் நான் இல்லை, அமெரிக்கக் கடற்படை.

1950-களின் கடைசியில் ஹெலிகாப்டர் பழகுவதற்காக அவர்கள் வாங்கின சிமுலேட்டரில், திரையில் காட்சி ஓடும், ஆள் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டல், தலைசுற்றல். 1957-ல் அதைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். சிமுலேட்டர் நோய் என்பதற்கு முதல் ஆவணம் அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் விசேஷம், புதுசாகக் கற்றுக்கொள்ள வந்த மாணவர்களைவிட, பல மணி நேரம் நிஜமாகப் பறந்து பழகின ஆசிரியர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். காரணம் யோசித்தால் புரியும். அவர்கள் உடம்புக்கு நிஜம் எப்படி இருக்கும் என்று தெரியும். திரை "சாய்கிறோம்" என்றால் காது உடனே "எங்கே சாய்கிறோம்?" என்று கேட்கும்.

பின்னாளில் 1993-ல் கடற்படை ஆராய்ச்சியிலிருந்து இதை அளக்க 16 அறிகுறிகள் கொண்ட ஒரு கேள்வித்தாளே வந்தது. விஆர் ஆய்வு செய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் நீட்டுகிறார்கள்.

ஹெட்செட் வந்ததும் இந்தப் பிரச்சினை இரட்டிப்பானது. திரை எதிரே இருந்தால் தலையைத் திருப்பி அறையைப் பார்க்கலாம். திரையே தலையில் இருந்தால் தப்பிக்க வழியில்லை. தலை திரும்பியதற்கும் படம் மாறியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் உயிர்நாடி. டூம் விளையாட்டை எழுதிய ஜான் கார்மேக் 2013-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தலை அசைவிலிருந்து ஒளி வரும் வரை 20 மில்லிசெகண்டுக்குள் முடிந்தால் மூளை பொதுவாகக் கண்டுபிடிக்காது என்பது அவர் கணக்கு.

90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லிசெகண்ட். ஆனால் ஃப்ளைட் சிமுலேட்டர் ஒரு ராட்சசத் தீனிக்காரன். மலை, மேகம், ஊர், மரம், விமானத்தின் ஒவ்வொரு டயல் என்று எல்லாவற்றையும் இரண்டு கண்ணுக்கும் வரையணும். சாதாரண கிராஃபிக்ஸ் கார்டால் 90 படம் முடியாது, 45-தான் வரும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ரீபுரொஜெக்ஷன். புதுப் படம் வருவதற்குள் தலை திரும்பிவிட்டதா, பழைய படத்தையே கொஞ்சம் நகர்த்தி, கொஞ்சம் வளைத்துக் காட்டிவிடுவது. உப்புமாவில் தண்ணீர் விட்டு நாலு பேருக்குப் பரிமாறுகிற வேலை. ருசி கொஞ்சம் குறையும், ஆனால் பந்தி நிற்காது. புரொப்பெல்லர் ஓரமாகக் காட்சி நெளிகிறதே என்று எரிச்சல்பட்டு நான் முதல் நாள் அணைத்து வைத்தது இதைத்தான். இரண்டாவது தப்பு.

படக்குழாயிலிருந்து செல்போன் திரை வரை

வீட்டுச் சிமுலேட்டரின் கதை தனியாக வளர்ந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த, பைலட்டும் ஆன புரூஸ் ஆர்ட்விக், ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதியதுதான் முதல் ஃப்ளைட் சிமுலேட்டர். 1982-ல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் பிசிக்கு வந்தது. அதே வருஷம் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் டாம் ஃபர்னெஸ் தன்னுடைய பிரம்மாண்ட ஹெல்மெட்டைக் காட்டினார். ஸ்டார் வார்ஸ் வில்லனின் தலைக்கவசம் மாதிரி இருந்ததால் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. போர் விமானத்தின் காக்பிட்டில் சுவிட்சும் டயலும் பெருகி விமானி திணறியதால், எல்லாத் தகவலையும் கண்ணெதிரே வரைந்துவிடலாம் என்பது அவர் யோசனை. அருமையான யோசனைதான். ஆனால் ஒரு அரசாங்கத்தால் மட்டுமே வாங்க முடியும்.

விலையை உடைத்தது நாசாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடம். 1985 வாக்கில் மைக்கேல் மெக்ரீவியும் கூட இருந்தவர்களும் பாக்கெட் டிவியின் எல்சிடி திரைகளைப் பிடுங்கி, எரிக் ஹவ்லெட் என்பவர் ஸ்டீரியோ போட்டோ பார்ப்பதற்காக உருவாக்கிய அகலக் கோண லென்ஸ்களின் பின்னால் வைத்தார்கள். படம் மோசம்தான், ஆனால் கடைச்சரக்கிலேயே செய்துவிடலாம் என்று தெரிந்துபோனது.

இதே தந்திரம் 2012-ல் திரும்ப நடந்தது. இந்தத் தடவை செல்போன் திரையும், செல்போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகளும். பால்மர் லக்கி என்ற இளைஞர் கிக்ஸ்டார்ட்டரில் 300 டாலருக்கு ஆக்குலஸ் டெவலப்பர் கிட்டை அறிவித்து 24 லட்சம் டாலர் திரட்டினார். ஒரு கண்ணுக்கு 640×800 புள்ளிகள். நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு ஒரு டிகிரிக்கு 60 புள்ளி வேண்டும், அதில் கிடைத்தது ஏழெட்டுதான். உயரமானியில் முள் இருக்கிறது என்று தெரியும், எதைக் காட்டுகிறது என்று தெரியாது. சரி, குனிந்து பார்ப்போம் என்றால் டயலும் கூடவே பின்வாங்கும். ஏனென்றால் அந்த முதல் கிட்டுக்குத் தலை திரும்புவதுதான் தெரியும், நகர்வது தெரியாது. 1968-ல் கூரைத் தண்டு செய்த வேலையை அது மறந்திருந்தது. 2014-ல் வந்த இரண்டாவது கிட்டில்தான் அது சரியானது.

2020-ல் ஒரு கண்ணுக்கு 2160×2160 புள்ளிகளோடு ஹெச்பி ரிவெர்ப் ஜி2 வந்தது. ஒரு டிகிரிக்கு இருபதைத் தாண்டியது. டயலைக் குனியாமல் படிக்க முடிந்தது. அதே வருஷ டிசம்பரில் புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் விஆருக்குத் திறந்தது.

கையைக் காணோம்

ஹெட்செட் மாட்டியதும் வருகிற அடுத்த அதிர்ச்சி: கீபோர்டு எங்கே? திராட்டில் எங்கே? மூக்கிடுக்கில் தெரிகிற சின்னச் சந்து வழியாக எட்டிப் பார்க்காத வீட்டு விமானியே கிடையாது.

இதற்கான பதிலும் பழசு. இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஒழுங்காகத் தரையிறங்கி, ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கி வயிற்றில் சரிந்தன. விமானியின் கவனக்குறைவு என்று எழுதிவைத்தார்கள். 1943-ல் அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இறக்கை மடிப்புக்கும் சக்கரத்துக்கும் ஒரே மாதிரி சுவிட்சுகள், பக்கத்துப் பக்கத்தில். களைத்துப்போன ஆள் மடிப்பை ஏற்றப்போய்ச் சக்கரத்தை மடக்கிவிடுகிறார். சாப்பனிஸ் சக்கர சுவிட்சில் ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தையும், மடிப்பு சுவிட்சில் ஆப்பு வடிவத்தையும் ஒட்டினார். பிரச்சினை ஓய்ந்தது. இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கர லீவரின் நுனி சக்கர வடிவத்தில்தான் இருக்கும்.

என் மகளின் பழைய பொம்மைக் காரிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, திராட்டில் பெட்டியின் ஒரு சுவிட்சில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். ஆப்புக்கு ஒரு அழிரப்பர் துண்டு. செலவு ஐந்து ரூபாய். மொத்த அமைப்பிலேயே உருப்படியான மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்போ எந்த வரிசையில் செட் பண்ணுவது?

கதை தெரிந்ததும் வரிசை தானாக வந்தது. முதலில் கண். கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், பெண்களுக்குச் சராசரி ஓரிரண்டு மில்லிமீட்டர் குறைவு. கண்ணாடிக் கடையில் சும்மா அளந்து சொல்வார்கள். என்னுடையது 66, மனைவிக்கு 59. என் அளவில் அவளுக்கு எல்லாம் கலங்கல், அவள் அளவில் எனக்குத் தலைவலி. வீட்டில் நாலு பேர் மாட்டினால் நாலு தடவை மாற்றத்தான் வேண்டும். என்னை மாதிரி மூக்குக்கண்ணாடி ஆசாமிகள் ஹெட்செட் லென்ஸில் கீறல் விழாமல் பார்த்துக்கணும். பவர் லென்ஸ் செய்து உள்ளே பொருத்திக்கொள்வது நிம்மதி.

இரண்டாவது தலை. அறையில் விளக்கு எரியட்டும். நாற்காலியில் ஓட்டுகிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் ரீசென்டர் அழுத்தணும். நாற்காலியே ஆடுகிற மோஷன் மேடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேடை சாய்ந்தால் தலையும் சாய்ந்தது என்று ஹெட்செட் நினைத்துக்கொள்ளும். அந்த அசைவைக் கழிக்க, அதற்கென்று ஒரு மென்பொருள் வேண்டும்.

மூன்றாவது நேரம். படத்தின் அழகைக் குறைத்தாவது, குதிக்காமல் ஒரே சீராக வருகிற வேகத்தைப் பிடிக்கணும். மேகத்தையும் தூரத்துக் கட்டிடங்களையும் குறையுங்கள். டயல் எழுத்தைக் குறைக்காதீர்கள்.

நான்காவது கை. கடைசியில்தான் உடம்பு: முதல் வாரம் பத்துப் பத்து நிமிஷம், நேர்ப் பறத்தல், மெதுவான திருப்பம், எதிரே ஃபேன். குமட்டல் எட்டிப் பார்த்ததும் கழற்றிவிடணும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடம்பு அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் முடிவில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது.

மிச்சம் இருப்பது

ஒரு வருத்தமான குறிப்பும் சொல்லணும். விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற தளத்தைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்து, அடுத்த வருஷப் பதிப்பிலேயே நீக்கியது. அதை நம்பியிருந்த ரிவெர்ப் ஜி2, நாலே வருஷத்தில், கண்ணாடியும் திரையும் நன்றாக இருக்கும்போதே, அந்தப் பதிப்புக்கு மாறினவர்கள் மேஜையில் வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2025-ல் ஒரு தனி புரோகிராமர் என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் எழுதி இலவசமாகக் கொடுத்தார், அதனால் பலதுக்கு மறுபடி உயிர் வந்தது. லிங்க் டிரெய்னர்கள் இன்றும் சில அருங்காட்சியகங்களில் ஓடுகின்றன. தோல் துருத்தி கிழிந்தால் தைக்கலாம். சர்வரில் நிறுத்தினதை யார் தைப்பது? என் தொழிலில் இருக்கிறவர்கள் யோசிக்கவேண்டிய கேள்வி.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். சின்ன வயதில் விமானப்படையில் சேர ஆசை. கண் பவர் இடம் கொடுக்கவில்லை. பி.இ. படித்தபோது காலேஜ் லேபில் யாரோ ஏற்றி வைத்திருந்த ஃப்ளைட் சிமுலேட்டரில், விமானம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட். இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் மிச்சிகன் ஏரி. பக்கவாட்டில் பார்க்க ஒரு கீயை அழுத்தணும், காட்சி டக்கென்று வெட்டி மாறும், ரன்வே எங்கே போனது என்றே தெரியாது. நான் ஒழுங்காக இறங்கினதே இல்லை. 2003 மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி சிகாகோ மேயர் புல்டோசர் அனுப்பி அந்த ஓடுபாதையைக் கிழித்துப் போட்டார். நிஜ மெய்க்ஸ் இப்போது ஒரு பூங்கா. 2022-ல் மைக்ரோசாஃப்ட் தன் சிமுலேட்டரின் நாற்பதாவது வருஷப் பதிப்பில் அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து கிளம்பினேன். ஏரிக்கு மேலே சுற்றி வந்து, வலது தோளுக்கு மேலே தலையைத் திருப்பினேன். எந்தக் கீயும் அழுத்தவில்லை. ரன்வே அங்கேயே இருந்தது. விரல் பொம்மைக் காரின் சக்கரத்தைத் தடவிப் பிடித்தது, கீழே தள்ளியது. கொஞ்சம் தூக்கிப் போட்டாலும் இறங்கிவிட்டேன்.

கழற்றிப் பார்த்தால் மகள் எதிரே நிற்கிறாள். "அப்பா, நீங்க ஏன் சுவத்தைப் பாத்து சிரிச்சீங்க?" என்றாள். அவள் கண்மணித் தூரத்தை இன்னும் அளக்கவில்லை. பெரிய பிள்ளை ஆகட்டும், அதுவரை அவளுக்குத் தொப்பியும் மூன்று எல்இடியும் போதும்.